அட்டையில் இல்லாத பெயர்கள்

“தட்டை மாத்தி அடுக்குடி. குழிக்கு மேல குழி வந்தா கீழ இருக்கிற இட்லி எப்படி எழும்பும்?”

அம்மா இதைச் சொன்னது ஒரு லேப்டாப் திரையைப் பார்த்து. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில், ஒரு காலத்தில் குழித்தறி இருந்த இடத்தில், இப்போது சோபா கிடக்கிறது. அதில் என் அக்கா மகள் காலை மடக்கி உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். தீபாவளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். பக்கத்தில் எழுபத்தி நான்கு வயது அம்மா. திரையில் ஒரு பெண், சேலை கட்டி, பின்னல் போட்டு, எங்கோ ஒரு குளிர் தேசத்து அடுக்களையில் நின்றுகொண்டு இட்லிப் பானையைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. அந்தப் பெண்ணின் பெயரும் அதுதான்.

எனக்கு வீடியோ கேம் என்றால் அண்ணன் தம்பிகள் துப்பாக்கியால் சுடுவது, கார் ஓட்டுவது, பெட்டிக்கடைப் பக்கத்து ‘கேம்ஸ் சென்டரில்’ பையன்கள் பழியாய்க் கிடப்பது. அந்த சென்டருக்குள் ஒருநாளும் நான் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட என் வீட்டில், என் அம்மா ஒரு கேமுக்குத் திருத்தம் சொல்கிறார்.

“எல்லாம் சரி. ஆனா நம்ம ஊரு இட்லிக்குத் தட்டே கிடையாதே ஆயாவுக்கு” என்று அவரே தன்னைக் கிண்டலும் செய்துகொண்டார். வரதராஜப் பெருமாள் கோயிலில் படைக்கும் காஞ்சிபுரம் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி வேகிறது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டது. அதை மடப்பள்ளியில் செய்பவர்கள் ஆண்கள். வீட்டில் தினமும் இட்லி ஊற்றுகிறவர்கள் பெண்கள். கோயிலில் அது கைங்கரியம், உரிமை, கணக்கில் ஏறுகிற வேலை. வீட்டில் அது வெறும் காலை டிபன். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே வேலை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வரலாறாகவும் ஆகும், ஒன்றுமில்லாமலும் போகும். கேம் செய்கிற தொழிலின் கதையும் இதுதான் என்று தேடப் போனபோது தெரிந்தது.

‘வெண்பா’வைச் செய்தது கனடாவின் டொராண்டோவில் உள்ள ‘விசை கேம்ஸ்’ என்கிற சின்ன ஸ்டுடியோ. தொடங்கியவர் அபி. தமிழ்நாட்டிலிருந்து சிறுவயதில் கனடா போன குடும்பம். ஓவியம் சாம் எல்கானா, இசை ‘ஆல்ஃபா சம்திங்’. ஒரு பெரிய கேம் நிறுவனத்தில் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்வார்கள். இது ஒரு கையளவு ஆட்கள் செய்து, வெளியீட்டு நிறுவனம் எதற்கும் போகாமல் தாங்களே 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. நீங்கள் கையில் வைத்திருக்கிற இந்தப் புத்தகத்தைச் சிறு பதிப்பகம் ஒன்று போட்டிருக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்தத் தொழிலில் இவர்களை ‘இண்டி’ என்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 1988. வெண்பாவும் கணவர் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்திருக்கிறார்கள். அவள் கருவுற்றிருக்கிறாள். உடம்புக்கு முடியவில்லை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு மட்டும் கூட வந்திருக்கிறது. அதில் பக்கங்கள் கிழிந்தும் மை கலைந்தும் இருக்கின்றன. எந்த வரி அழிந்து போயிற்றோ அதை ஆடுகிறவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பதார்த்தம். தவறாகச் செய்தால் உயிர் போகாது, மறுபடி செய்யலாம். புட்டுக் குழலில் சில்லை முதலில் போட வேண்டுமா மாவை முதலில் போட வேண்டுமா என்று இந்தக் காலத்துப் பிள்ளை திணறியபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் சமையல் ஒரு சாக்குதான். வெண்பா ஊரில் ஆசிரியையாக இருந்தவள். புதிய நாட்டில் அவளுக்கு நிலையான ஆசிரியர் வேலை கிடைப்பதில்லை. மகன் கவின் வளர்கிறான், பள்ளியில் தன் பெயரைக் ‘கெவின்’ என்று சொல்லிக்கொள்கிறான், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வெட்கப்படுகிறான். மொழி இரண்டு பேருக்கும் நடுவில் மங்கிக்கொண்டே போகிறது. பிறகு பாவலன் இறந்துபோகிறார். மகனும் வேலை என்று போய்விடுகிறான். அவள் ஊருக்குத் திரும்பி மறுபடியும் பாடம் நடத்தப் போகிறாள். அந்த இடத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டொராண்டோ தமிழ் நகரம் என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். அங்கே உள்ள தமிழர்களில் பெரும்பாலோர் 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து போனவர்கள். வெண்பாவும் பாவலனும் அப்படி ஓடிப்போனவர்கள் இல்லை. விரும்பிப் போனவர்கள், திரும்பிவரவும் முடிந்தவர்கள். அந்த வசதி எல்லா வெண்பாக்களுக்கும் இருந்ததில்லை. ஒரு விளையாட்டில் எல்லோர் கதையும் அடங்காதுதான். இருந்தாலும் குறித்துவைக்கிறேன்.

2023 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ என்கிற பெரிய விழாவில் முதல் படைப்புக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன விளையாட்டு விழாவில் ஷேமஸ் மெக்நலி பெருவிருது கிடைத்தது. சுயாதீன ஸ்டுடியோக்கள் எட்டக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. இருபத்தி ஒரு வயதில் புற்றுநோயில் இறந்துபோன ஒரு கனடிய இளைஞனின் பெயர் அதற்கு. தன் சொந்தக் குடும்ப நிறுவனத்தில் கேம் செய்தவன். அதே வாரம் ‘கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுகம். அடுத்த மாதம் லண்டனில் பாஃப்டா. சேலை கட்டிய ஒரு தமிழ்ப் பெண் இட்லி அவிக்கிற விளையாட்டு, இந்த உலகத்தின் பெரிய மேடைகளில் ஏறிவிட்டது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு உறுத்தல் போகவில்லை. இது ஒரு மகன் சொல்லும் அம்மாவின் கதை. புலம்பெயர்ந்தவர்களின் கதையை எப்போதும் பிள்ளைகள் பக்கமிருந்தே சொல்கிறார்கள், பெற்றோர் பக்கமிருந்து சொல்ல விரும்பினேன் என்று அபியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நேர்மையான ஆசை. ஆனால் அம்மாவை நாம் மறுபடியும் அடுக்களையில் வைத்துத்தானே பார்க்கிறோம்? அவளுக்கு ஒரு வகுப்பறை இருந்தது. கரும்பலகை முன்னால் அவள் நிற்பதை ஆட எனக்கு ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கலாமே? இதை அக்கா மகளிடம் சொன்னேன். “சித்தி, சமையலைக் கேவலமா நினைக்கிறது நீங்களா கேம் செஞ்சவங்களா?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பழைய கதைகளைப் புரட்டினேன்.

சுயாதீன கேம் ஸ்டுடியோவின் தொடக்கக் கதைகளில் ஒன்று சமையலறை மேசையிலேயே நடக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட்டா வில்லியம்ஸ், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், கணினிப் படிப்பு இல்லாதவர். கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்த இயந்திரத்தில் எழுத்தால் ஆடும் சாகச விளையாட்டு ஒன்றைப் பார்த்து மயங்கி, தானே ஒரு கொலைக் கதையை மேசையில் உட்கார்ந்து காகிதத்தில் வரைந்தார். கணவர் கென் நிரல் எழுதினார். 1980ல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ வெளியானது. எழுத்தோடு படமும் சேர்ந்த முதல் சாகச விளையாட்டு என்று அதைச் சொல்கிறார்கள். வட்டை ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார்கள். அந்த வீட்டுக் கம்பெனிதான் ‘சியரா ஆன்லைன்’ ஆகி, 1984ல் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ என்று வளர்ந்தது.

அதே காலத்தில் கேரல் ஷா. 1978ல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தவர், கணினி அறிவியல் படித்தவர். ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்த தலைவர் ரே கசார், பெண் ஒருத்தி சேர்ந்துவிட்டாள், இனி அழகுசாதன வண்ணம் பொருத்தும் கேமும் வீட்டு அலங்கார கேமும் செய்யலாம் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனதை அவர் பின்னாளில் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் அதையெல்லாம் செய்யவில்லை. ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குப் போய் 1982ல் ‘ரிவர் ரெய்டு’ செய்தார். ஆற்றின் மேல் விமானம் ஓட்டிச் சுடும் விளையாட்டு, அந்தக் காலத்தின் பெரும் வெற்றிகளில் ஒன்று. எங்கள் ஊர் கேம்ஸ் சென்டரில் பையன்கள் பொத்தானைத் தட்டித் தட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்களே, அந்த வகை விளையாட்டின் முன்னோடிகளில் ஒருவர் பெண் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் உள்ளே போயிருப்பேனோ என்னவோ.

அந்தக் காலத்து கேம் ஓவியர்கள் கிராஃப் தாளில்தான் உருவம் வரைவார்கள். ஒரு கட்டம் நிரப்பினால் திரையில் ஒரு புள்ளி. இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பரணில் கிராஃப் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. அன்னமும் மயிலும் யாளியும் ருத்ராட்சமும் கட்டம் கட்டமாக. ஒரு கட்டம் நிரப்பினால் ஒரு இழை மேலே எழும். அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டு, அட்டைகளை வரிசையாகக் கோத்து, தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். துளை இருந்தால் ஒரு செய்தி, இல்லாவிட்டால் இன்னொரு செய்தி. 1804ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த இந்த அட்டையிலிருந்து பாபேஜ் யோசனை பெற்றதும், 1843ல் ஏடா லவ்லேஸ் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதியபோது நெசவையே உவமையாகக் கொண்டதும் எல்லோரும் சொல்லும் கதை. நான் அதில் நிற்கப் போவதில்லை. என் கதை தறிக்குக் கீழே, குழியில் இருக்கிறது.

கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள். ஒருவர் தறியில் உட்கார்ந்து மிதிக்க, வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போட வேண்டும். அந்த இன்னொருவர் எங்கள் வீட்டில் முதலில் அம்மா, பிறகு அக்கா, பிறகு நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கேதான் வீட்டுப்பாடமும். அம்மா விடியலில் எழுந்து ராட்டையில் தார் சுற்றுவார். பழைய பாவு முடிந்தால், அதன் நுனியோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பார். ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணும் விரல் நுனியும் போகும். கூலி ஏறிய சங்கத்துப் பாஸ்புக் அப்பா பெயரில் இருந்தது. சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அது ஒரு சங்கத்தின் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. ஒருமுறை அம்மா போய் “நானும்தான் நெய்யுறேன், எனக்கும் ஒரு நம்பர் குடுங்க” என்று கேட்டிருக்கிறார். “நெய்யுறது அவருமா, ஒத்தாசை நீ” என்று சொல்லி அனுப்பினார்களாம். ஒத்தாசை. இந்த ஒரு சொல்லில் எத்தனை வருஷம் அடங்கிவிட்டது பாருங்கள்.

கணினியின் வரலாற்றிலும் இந்த ஒத்தாசை இருக்கிறது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கணினிக்கு நிரலை நினைவில் வைக்க, மெல்லிய செப்புக் கம்பியைச் சிறு காந்த வளையங்களுக்கு உள்ளும் வெளியுமாகக் கையால் கோத்தார்கள். உள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தமில் ரேதியான் ஆலையில் அதைச் செய்தவர்கள் பெண்கள், அவர்களில் நெசவாலையில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். பொறியாளர்கள் அந்த நினைவகத்துக்கு வைத்த செல்லப்பெயர் ‘கிழவி நினைவகம்’ என்று பொருள்படும். 1965ல் ஃபேர்சைல்டு நிறுவனம் நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில், நவஹோ பழங்குடியினர் நிலத்தில், மின்சில்லு ஆலை திறந்தது. ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கம்பளம் நெய்கிறவர்கள், விரல் நயம் பிறப்பிலேயே உள்ளவர்கள் என்று நிறுவனத்தின் கையேடு அவர்களைப் புகழ்ந்தது. கம்பளத்தின் படமும் சில்லின் படமும் ஒன்றாக அச்சிட்டது. இதை லிசா நாகமுரா என்கிற ஆய்வாளர் 2014ல் விரிவாக எழுதியிருக்கிறார். 1975ல் ஆலை மூடப்பட்டது. அடுத்த வருடம் அதே நிறுவனம்தான் கார்ட்ரிட்ஜ் மாற்றி மாற்றி ஆடும் முதல் வீட்டு கேம் கருவியான ‘சேனல் எஃப்’பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிறப்பிலேயே விரல் நயம். இந்தப் புகழ்ச்சி எனக்குப் பழக்கமானது. பொம்பளை விரல் பட்டுக்கு ஏற்ற விரல் என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். பிறவியிலேயே வருகிற திறமைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? கற்றுக்கொண்ட திறமைக்குத்தானே கூலி.

ஷிப்ராக் தூரம் என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான். எங்கள் மாவட்டமே. 2006ல் அங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெண்கள் போனார்கள். தறியை விட்டு வந்த வீட்டுப் பெண்கள் பலர். நோக்கியா என்றால் நமக்குப் பாம்பு விளையாட்டுதானே நினைவு வரும்? 1997ல் ஃபின்லாந்தில் டனெலி ஆர்மன்டோ அந்த போனுக்கு எழுதியது. அவர் பெயர் விக்கிபீடியாவில் இருக்கிறது. அந்த போனைக் கோத்து, சோதித்து, பெட்டியில் போட்டவர்களுக்கு அடையாள அட்டை எண் இருந்தது. 2014 நவம்பரில் ஆலை மூடிய பிறகு அதுவும் இல்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப்போனதற்காகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்களே, அந்தக் கைகள் பொருத்துவதும் நம் பிள்ளைகள் கேம் ஆடும் போன்களைத்தான்.

ஸ்டுடியோக்களுக்குள்ளே போனால் பெண்களுக்கு வேறு போர். 2014ல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் இணையத்தில் பெண் படைப்பாளிகளை வேட்டையாடினார்கள். ஜோயி க்வின் என்பவர் மனச்சோர்வைப் பற்றி ஒரு சிறு இலவச விளையாட்டு செய்ததும், அனிதா சர்க்கீசியன் கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை வீடியோக்களில் விமர்சித்ததும் குற்றமானது. கூட்டத்தில் சுடுவோம் என்ற மிரட்டலால் அனிதா அந்த அக்டோபரில் யூட்டா பல்கலைக்கழகம் ஒன்றில் பேச இருந்ததையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெண் சின்னதாக, தன் மனதைப் பற்றி ஒரு விளையாட்டு செய்தால் இவ்வளவு கோபம் வருகிறது. ஒன்பது வருடம் கழித்து ஒரு அம்மாவின் சமையலறை மேடையேறுகிறது என்றால், நடுவில் பலர் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தியாவிலும் சிலரைச் சொல்ல வேண்டும். புனேயில் ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’. ஸ்ருதி கோஷ் அதன் நிறுவனர்களில் ஒருவர், கலை இயக்குநர். தம்பியைத் தேடிப் போகும் ராஜி என்கிற பெண்ணின் சாகசத்தைச் செய்யப் பொதுமக்களிடம் நிதி கேட்டு 2017ல் தோற்று, விடாமல் செய்து 2020ல் வெளியிட்டார்கள். அதே 2020ல் கேம் வடிவமைப்பாளர் பூர்ணிமா சீதாராமன் ‘விமன் இன் கேம்ஸ்’ அமைப்பின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். இந்தியாவிலிருந்து அவர்தான் முதல் பெண். இந்தப் பெயர்களை மாணவிகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் வர நாளாகும்.

எங்கள் வீட்டில் விளையாட்டு முடிந்து, பங்கெடுத்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கின. அக்கா மகள் மூடப் போனாள். “இரு, ஓடட்டும்” என்றேன். அம்மாவுக்கு ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டினேன். இது படம் வரைஞ்சவங்க, இது பாட்டு, இது சரியா ஓடுதான்னு பார்த்தவங்க. “சரியா ஓடுதான்னு பார்க்கிறதுக்கும் பேரு போடுறாங்களா?” என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். சில பெரிய கம்பெனிகளில் பாதியில் போனவர்கள் பெயரை விட்டுவிடுவதும் உண்டு என்று அக்கா மகள் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் பரணிலிருந்து அப்பாவின் கிராஃப் தாள் கட்டை இறக்கினாள். தான் ஒரு சின்ன கேம் செய்யப் போவதாகவும், ஒரு தறி, இரண்டு பேர், மூன்று நாடா, தாளம் தப்பினால் கரை விட்டுப்போகும், அவ்வளவுதான் என்றும் சொன்னாள். சமையல் இல்லை, நிம்மதியா சித்தி என்றாள். தறி, குழி, பெட்டி எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நடுவுல இருந்து ஆரம்பிக்குது. பாவு பிணைக்கிறது எங்க? தார் சுத்துறது எங்க?”

“அதெல்லாம் போரடிக்கும் ஆயா.”

“போரடிக்கட்டும். மொதல்ல அதைப் போடு” என்று சொல்லிவிட்டு, ராட்டை எப்படி இருக்கும் என்று பென்சிலை வாங்கி அந்தக் கட்டங்களுக்கு மேலேயே வரைய ஆரம்பித்தார்.